அமெரிக்கக் கேசட் ஏன் அடம் பிடித்தது?

1980-களின் நடுப்பகுதி. தெருவில் ஒரு வீட்டில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் அதுவே பெரிய செய்தியாக இருந்த காலம். வீடியோ கேசட்டை ஓட்டும் ‘டெக்’ வேண்டுமானால், பலர் கடையிலிருந்து ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வருவார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். தன் குழந்தையின் முதல் பிறந்தநாளை வீடியோவில் பதிந்து ஊருக்கு அனுப்பியிருக்கிறார். பேத்தியை ஒரு முறைகூட நேரில் பார்த்திராத தாத்தாவும் பாட்டியும் டெக்கை வரவழைத்து, அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

கேசட் டெக்கினுள் கச்சிதமாகப் பொருந்தியது. பொத்தானை அழுத்தியதும் நாடாவும் ஓடியது. ஆனால் திரையில் குழந்தையைக் காணோம்! சாய்வான கோடுகளாகக் கிழிந்த படம். இழுத்து இழுத்து ஒலிக்கும் குரல். சென்ற மாதம் சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த கேசட் இதே டெக்கில் நன்றாகத்தானே ஓடியது?

கேசட்டில் பழுதில்லை. டெக்கிலும் பழுதில்லை. பெட்டியிலும் பழுதில்லை. அப்படியானால் குற்றம் எங்கே? இதற்கு விடை காண, தொலைக்காட்சித் திரையில் படம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வரி வரியாக ஒரு படம்

நோட்டுப் புத்தகத்தில் நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்? இடமிருந்து வலமாக ஒரு வரி. பிறகு அதன் கீழே அடுத்த வரி. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயிலும் இதுவே நடந்தது. ஓர் எலக்ட்ரான் கற்றை திரையின் மேல் மூலையில் தொடங்கி, வரிவரியாக ஓடிக் கீழ் மூலையை அடையும். கற்றை வலுவாக விழும் இடம் பளிச்சென்றும், வலுவின்றி விழும் இடம் மங்கலாகவும் ஒளிரும். இதற்கு வரிக்கண்ணோட்டம் என்று பெயர்.

ஆனால் ஒரு வேறுபாடு. கற்றை எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் எழுதுவதில்லை. முதல் முறை ஒன்று விட்டு ஒன்றாக எழுதிச் செல்லும். மறுமுறை விட்ட வரிகளை நிரப்பும். ஆகவே இரண்டு அரைப்படங்கள் சேர்ந்தால் ஒரு முழுப்படம். இப்படிச் செய்வதால் திரை மினுக்குவது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை.

இங்கே இரண்டு எண்களை முடிவு செய்தாக வேண்டும். ஒரு படத்துக்கு எத்தனை வரிகள்? ஒரு விநாடிக்கு எத்தனை அரைப்படங்கள்? உலகம் பிரிந்தது இங்கேதான்.

ஐம்பதா, அறுபதா?

அமெரிக்காவில் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50 ஹெர்ட்ஸ். தொடக்ககாலப் பெட்டிகளில் மின்சாரத்தின் துடிப்பு ஓரளவு படத்துக்குள்ளும் கசிந்து, திரையின் குறுக்கே ஒரு நிழல் பட்டையாகத் தெரியும். அரைப்படங்களின் எண்ணிக்கையும் மின்சாரத்தின் அதிர்வெண்ணும் ஒன்றாக இருந்தால், அந்தப் பட்டை அசையாமல் ஓரிடத்தில் நிற்கும். கண் அதைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டும் வேறானால் பட்டை மேலும் கீழுமாக உருண்டு எரிச்சலூட்டும்.

எனவே அமெரிக்கா 1941-இல் விநாடிக்கு 60 அரைப்படங்களையும், படத்துக்கு 525 வரிகளையும் தேர்ந்தெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் பல, பின்னர் 50 அரைப்படங்களையும் 625 வரிகளையும் ஏற்றன. அவரவர் வீட்டு மின்சாரத்துக்குப் பொருத்தமான, நியாயமான முடிவுதான். ஒரு நாட்டில் பதிந்த படத்தை வேறொரு நாட்டில், அதுவும் ஒரு வீட்டுக் கூடத்தில், ஓட்டிப் பார்க்கும் நாள் வரும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 60 அரைப்படம் என்றால் 30 முழுப்படம். 525 × 30 = 15,750 வரிகள். மறுபக்கம், 50 அரைப்படம் என்றால் 25 முழுப்படம். 625 × 25 = 15,625 வரிகள். வியப்பாக இல்லையா? ஒரு படத்தின் வரிகளும், விநாடிக்கு வரும் படங்களும் வேறு வேறு. ஆனால் ஒரு விநாடியில் கற்றை எழுதும் மொத்த வரிகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே! இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள். பின்னால் இது நமக்கு உதவப்போகிறது.

வண்ணம் வந்தது, வழக்கும் வந்தது

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் சேர்க்கும் முறையை அமெரிக்கா 1953 டிசம்பரில் ஏற்றது. அதை வகுத்த தேசியத் தொலைக்காட்சி முறைக் குழுவின் ஆங்கில முதலெழுத்துகளே அந்த முறைக்குப் பெயராயின: என்.டி.எஸ்.சி.

குழுவுக்கு ஒரு கடினமான நிபந்தனை இருந்தது. மக்கள் வாங்கிவைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீணாகக் கூடாது. ஆகவே வெளிச்சத்துக்கான பழைய சைகையை அப்படியே விட்டுவிட்டு, வண்ணத்தை மட்டும் 3.58 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒரு துணை ஊர்தி அலையில் ஏற்றி, அதே பாதையில் அனுப்பினார்கள். பழைய பெட்டி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். புதிய பெட்டி இரண்டையும் எடுத்துக்கொள்ளும். புதிய அலை ஒலியின் அலையோடு மோதிப் படத்தில் புள்ளிக்கோலம் போடாமலிருக்க, படங்களின் வேகத்தையும் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டியிருந்தது. அதனால் 60 என்பது உண்மையில் 59.94 ஆயிற்று, வரிகளும் விநாடிக்கு 15,734 ஆயின.

துணை ஊர்தி அலையில் நிறத்தை எப்படிக் குறிப்பது? கடிகார முள்ளை எண்ணிக்கொள்ளுங்கள். முள் காட்டும் கோணம் எந்த நிறம் என்பதைச் சொல்லும்; முள்ளின் நீளம் அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதைச் சொல்லும். இந்தக் கோணத்தையே கட்டம் என்கிறோம். கோணம் சற்றுப் பிசகினாலும் நிறம் மாறிவிடும். வழியில் ஏற்படும் சிறு தாமதமே இதற்குப் போதும். செய்தி வாசிப்பவரின் முகம் பச்சை பூசியதுபோல் ஆகிவிடும். அமெரிக்கப் பெட்டிகளில் நிறத்தைச் சரிசெய்ய ஒரு திருகு இருந்தது இதனால்தான். என்.டி.எஸ்.சி. என்ற எழுத்துகளுக்கு ‘ஒரு நிறம் இருமுறை வராது’ என்று பொறியாளர்களே வேடிக்கையாக விரிவு சொன்னார்கள்.

தராசுத் தந்திரம்

ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் புரூக் என்ற பொறியாளர் இதற்கு ஓர் அழகான வழி கண்டார். பள்ளி ஆய்வகத்தில் தராசின் கைகள் சமமில்லை என்று ஐயம் வந்தால் என்ன செய்வீர்கள்? பொருளை ஒரு முறை இடத்தட்டிலும், மறுமுறை வலத்தட்டிலும் வைத்து நிறுத்துச் சராசரி எடுப்பீர்கள். ஒரு பக்கம் கூடுதலாகக் காட்டிய பிழை, மறுபக்கம் குறைவாகக் காட்டும். சராசரியில் அடிபட்டுப் போகும். புரூக்கின் தந்திரமும் இதைப் போன்றதே.

ஒரு நிறத்தின் கோணம் 20 பாகை என்போம். வழியில் 5 பாகை பிழை சேருகிறது. முதல் வரி 25 பாகையாக வந்து சேரும். அடுத்த வரியில் கோணத்தைத் தலைகீழாக்கி, −20 பாகையாக அனுப்புகிறார்கள். அதே பிழை சேர்ந்து −15 ஆகிறது. பெட்டி அதைத் திருப்பிப் போட்டால் +15. இரண்டு வரிகளின் சராசரி (25 + 15) ÷ 2 = 20. பிழை போயிற்று! நிறம் மிகச் சிறிதளவு வெளிறும், ஆனால் மாறாது. சராசரி எடுப்பதற்காக ஒரு வரியை 64 மைக்ரோ விநாடி பிடித்து வைக்க, பெட்டிக்குள் ஒரு சிறு கண்ணாடித் துண்டையே பயன்படுத்தினார்கள். சைகை அதனுள் மீயொலியாக ஓடித் தாமதித்து வரும்.

வரிக்கு வரி கட்டத்தை மாற்றுவதால், அந்தப் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பால்’ முறை என்றார்கள். (பசும்பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை!) 1967-இல் பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் இந்த முறையில் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கின. இதில் துணை ஊர்தி அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். அதே 1967-இல் பிரான்ஸ் ‘செகாம்’ என்ற மூன்றாவது முறையில் இறங்கியது. அது தனிக் கதை.

இந்தியா 1982-இல் வண்ண ஒளிபரப்புக்கு மாறியபோது பால் முறையை எடுத்துக்கொண்டது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகியவையும் பால் நாடுகள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் ஆகியவை என்.டி.எஸ்.சி. நாடுகள். சிங்கப்பூர்க் கேசட் ஓடியதற்கும் அமெரிக்கக் கேசட் அடம் பிடித்ததற்கும் காரணம் இப்போது பாதி புரிகிறது அல்லவா?

டெக்கின் உள்ளே

மீதிப் பாதி டெக்குக்குள் இருக்கிறது. வீட்டில் பரவலாக இருந்த வி.எச்.எஸ். வகை டெக்கில் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை சுழலும். அதில் எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள். நாடா இந்த உருளையைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு மெல்ல நகரும். உருளை அரைச்சுற்றுச் சுற்றும்போது ஒரு ஹெட் நாடாவின் மேல் ஒரு சாய்வான கோடு இழுக்கும். அந்தக் கோடு ஓர் அரைப்படம்.

பால் டெக்கில் உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்று. அதாவது விநாடிக்கு 25 சுற்று, 50 அரைப்படம். என்.டி.எஸ்.சி. டெக்கில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 சுற்று. விநாடிக்கு 30 சுற்று, 60 அரைப்படம். நாடாவின் வேகமும் வேறு. பாலில் விநாடிக்கு 23.39 மில்லிமீட்டர், என்.டி.எஸ்.சி.யில் 33.35 மில்லிமீட்டர். கேசட்டின் பிளாஸ்டிக் கூடு மட்டும் இரண்டிலும் ஒன்றே!

இப்போது தாத்தா வீட்டுக் கேசட்டின் புதிரை அவிழ்க்கலாம். படம் தெரிய வேண்டுமானால் மூன்று பூட்டுகள் திறக்க வேண்டும்.

முதல் பூட்டு, வேகம். அமெரிக்க நாடா வேகமாக ஓட வேண்டியது. பால் மட்டுமே அறிந்த டெக் அதை மெதுவாக ஓட்டியது. ஆகவே குரல் இழுபட்டது. ஹெட்டுகளும் கோட்டை விட்டுக் கோடு தாவின. ஆகவே படம் கிழிந்தது. இரண்டு வேகங்களிலும் ஓடக்கூடிய டெக் இருந்தால் இந்தப் பூட்டு திறக்கும்.

இரண்டாம் பூட்டு, அரைப்படங்களின் எண்ணிக்கை. சரியான வேகத்தில் ஓட்டினால் டெக்கிலிருந்து விநாடிக்கு 60 அரைப்படங்கள் வரும். நம் பெட்டியோ 50-க்குப் பழகியது. முன்பு போட்ட கணக்கு இங்கே உதவுகிறது. விநாடிக்கு 15,734 வரிகளும் 15,625 வரிகளும் நூற்றுக்கு ஒன்றுகூட வேறுபடவில்லை. எனவே கிடைமட்ட வரிகளைப் பெட்டி எளிதில் பிடித்துக்கொள்ளும். படம் மேலிருந்து கீழாக உருளுவது மட்டும் நிற்காது. பெட்டியின் பின்புறம் இருந்த ‘வெர்டிகல் ஹோல்டு’ திருகைத் திருப்பினால் பல பெட்டிகளில் உருளும் படம் நின்றுவிடும். ஆனால் படம் குள்ளமாகும்! கீழே இறங்கக் கற்றைக்கு 1/50 விநாடிக்குப் பதில் 1/60 விநாடிதானே கிடைக்கிறது? ஆறில் ஐந்து பங்கு உயரத்துடன் படம் முடிந்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியும்.

மூன்றாம் பூட்டு, வண்ணம். படம் நின்ற பிறகும் அது கறுப்பு வெள்ளையாகவே இருக்கும். நம் பெட்டி 4.43 மெகாஹெர்ட்ஸில் வண்ணத்தைத் தேடுகிறது, வருவதோ 3.58-இல். வண்ணம் இல்லை என்று முடிவு செய்து, பெட்டி தன் வண்ணச் சுற்றையே நிறுத்திவிடும்.

பாதி மாற்றம், முழு மாற்றம்

இந்த மூன்றாம் பூட்டுக்கு டெக் தயாரித்தவர்கள் ஒரு கள்ளச்சாவி செய்தார்கள். வி.எச்.எஸ். நாடாவில் வண்ணம் 3.58-லும் இல்லை, 4.43-லும் இல்லை. 0.63 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே இறக்கித்தான் பதிகிறார்கள். ஓட்டும்போது டெக் அதை மீண்டும் மேலே ஏற்ற வேண்டும். எப்படியும் ஏற்றப்போகிறோம், 3.58-க்குப் பதில் 4.43-க்கே ஏற்றி, வரிக்கு வரி கட்டத்தையும் மாற்றிவிட்டால்? பால் பெட்டி ஏமாந்து வண்ணத்தைக் காட்டிவிடும்! வரிகள் 525, அரைப்படங்கள் 60, வண்ணம் மட்டும் பால். இந்தக் கலப்புக்குப் ‘பால் 60’ என்று பெயர். கண்ணால் பார்க்க இது போதும். ஆனால் இது பாதி மாற்றமே. இதைச் சாதாரணப் பால் டெக்கில் பதிவு செய்ய முயன்றால் சரிவராது.

முழு மாற்றம் என்றால், 525 வரிப் படத்தை நினைவில் வைத்து, 625 வரிப் படமாகத் திருப்பி எழுத வேண்டும். 60-ஐ 50 ஆக்க வேண்டும். தொடக்கத்தில், ஒரு முறையில் ஓடும் திரைக்கு முன்னால் மற்ற முறைக் கேமராவை வைத்துப் படம் பிடிப்பதே வழியாக இருந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் பந்தயங்களை ஐரோப்பாவில் காட்ட, பி.பி.சி. பொறியாளர்கள் மின்னணு முறையில் மாற்றும் பெரிய கருவியை உருவாக்கினார்கள். இன்று அந்த வேலையை ஒரு சாதாரணக் கணினி செய்துவிடும்.

வட்டிலும் விடாத பழைய எண்கள்

டி.வி.டி. வட்டின் உறையிலும் பால் என்றோ என்.டி.எஸ்.சி. என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். உண்மையில் வட்டுக்குள் 3.58-ம் இல்லை, 4.43-ம் இல்லை. வெளிச்சமும் நிறமும் தனித்தனி எண்களாகவே பதிந்துள்ளன. அங்கே அந்தப் பெயர்கள் குறிப்பது படத்தின் அளவையும் வேகத்தையுமே: ஒன்று 480 வரிகள், விநாடிக்கு 30 படம் (நுட்பமாக 29.97), மற்றது 576 வரிகள், விநாடிக்கு 25 படம். பெருக்கிப் பாருங்கள்: 480 × 30 = 14,400; 576 × 25 = 14,400. அதே பழைய நெருக்கம்!

திரைப்படமும் இதில் மாட்டிக்கொண்டது. திரையரங்கில் விநாடிக்கு 24 படங்கள். பால் நாடுகளில் அதைச் சற்று வேகமாக, 25 ஆகவே ஓட்டிவிட்டார்கள். படமும் நூற்றுக்கு நான்கு பங்கு சீக்கிரம் முடிந்தது, குரலும் சிறிது கீச்சென்றது. என்.டி.எஸ்.சி. நாடுகளில் ஒரு படத்தை இரண்டு அரைப்படமாகவும் அடுத்ததை மூன்று அரைப்படமாகவும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள்: 12 × 2 + 12 × 3 = 60.

அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூனில் பழைய வகை ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. பிரிட்டனில் அது 2012-இல் முடிந்தது. ஆனாலும் 25, 30, 50, 60 என்ற எண்கள் இன்றைய கேமராக்களில் இருக்கின்றன. மின்நிலையத்தில் என்றோ எடுத்த ஒரு முடிவு, உங்கள் கைப்பேசி வரை வந்து நிற்கிறது!

அலமாரியில் இருக்கும் கேசட்

இது வெறும் பழங்கதை அன்று. உங்கள் தாத்தா, பாட்டி வீட்டு அலமாரியில் திருமணக் கேசட் ஒன்று இன்னும் இருக்கக்கூடும். காந்த நாடா என்றென்றைக்கும் இருப்பதில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், காந்தப் பதிவும் நாளடைவில் மங்கும். வி.எச்.எஸ். டெக் தயாரிப்பும் 2016-இல் நின்றுவிட்டது. ஆகவே பெரியவர்களிடம் சொல்லி, அதைக் கணினிக் கோப்பாக மாற்றிவைக்கச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் மூன்று செய்திகளைக் கவனியுங்கள்.

முதலாவது, கேசட் எந்த நாட்டில் பதிவானது என்று கேளுங்கள். மேல்சீட்டில் ‘இ-180’ என்றிருந்தால் பால் நாடுகளில் விற்ற நாடா. ‘டி-120’ என்றிருந்தால் என்.டி.எஸ்.சி. நாடுகளில் விற்ற நாடா. இது ஒரு துப்பு மட்டுமே. எந்த நாடாவிலும் எந்த முறையிலும் பதியலாம். இரண்டாவது, அந்த முறைக்கே உரிய டெக்கில் ஓட்டச் சொல்லுங்கள். கணினியில் பதியும் கருவியிலும் அதே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் நல்ல வண்ணக் கேசட் கறுப்பு வெள்ளைக் கோப்பாகிவிடும். மூன்றாவது, நாடாவில் வெண்மையான பூஞ்சை தெரிந்தால் ஓட்ட வேண்டாம். நாடாவும் ஹெட்டும் சேர்ந்தே கெடும். தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தாத்தா வீட்டில் அன்று கிழிந்து தெரிந்த அந்தக் குழந்தையின் முகம், நாடாவில் எப்போதும் முழுமையாகவே இருந்தது. தவறான வேகத்தில், தவறான எண்ணிக்கையில், தவறான கோணத்தில் அதைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

செய்து பாருங்கள்

வீட்டுப் பெரியவரின் கைப்பேசிக் கேமராவை வீடியோவுக்கு மாற்றி, குழல் விளக்கையோ விலை குறைந்த எல்.இ.டி. விளக்கையோ படம் பிடியுங்கள். சில விளக்குகளில் திரையில் பட்டைகள் நகர்வது தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால் விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னுகிறது. கேமரா 30 படம் எடுக்கிறது. 100-ஐ 30-ஆல் மீதியின்றி வகுக்க முடியாது அல்லவா? கேமரா அமைப்பில் ‘50 ஹெர்ட்ஸ்’, ‘60 ஹெர்ட்ஸ்’ என்ற தேர்வு இருந்தால் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். 1941-இல் பொறியாளர்களைத் தொல்லைப்படுத்திய நிழல் பட்டையின் பேரப்பிள்ளையை நேரில் காணலாம்!

கணக்குப் போடுங்கள்

1. திரையரங்கில் 120 நிமிடம் ஓடும் படம், விநாடிக்கு 25 படம் என்ற வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடும்?

2. என்.டி.எஸ்.சி. வேகத்தில் சரியாக 120 நிமிடம் ஓடும் நாடாவின் நீளம் என்ன? அதே நாடா பால் வேகத்தில் எத்தனை நிமிடம் ஓடும்?

3. பால் டெக்கின் உருளை ஓரத்தில் உள்ள ஹெட் ஒரு விநாடியில் எவ்வளவு தூரம் சுற்றுகிறது?

விடைகள்: 1) 115 நிமிடம் 12 விநாடி. 2) சுமார் 240 மீட்டர், சுமார் 171 நிமிடம். 3) சுமார் 4.87 மீட்டர்.